ராக் மேடையில் நாஜி வேடம்: பகடியா, குற்றமா? (ரோஜர் வாட்டர்ஸ், ஜெர்மனி 2023)

ஆறாம்_தந்தி எழுதியது:

நண்பர்களே, போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு வீடியோ போட்டான். மொத்தமே பதினைந்து நொடி. கறுப்புத் தோல் கோட்டு, கையில் சிவப்புப் பட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து இயந்திரத் துப்பாக்கியை நீட்டுகிறார். மேலே சுத்தியல் படம் போட்ட கொடிகள். அதற்குக் கீழே, "மாமா, நீங்க இத்தனை வருஷமா கொண்டாடுற ஆளு நாஜி வேஷம் போட்டு ஆடுறார், பாருங்க" என்று எழுதியிருந்தான்.

2023 மே மாதம் பெர்லினில் நடந்த ரோஜர் வாட்டர்ஸ் கச்சேரி அது. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பிங்க் ஃபிளாய்டை நான் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்கிறேன். அந்த வேடம் எதற்கு, எந்தக் கதையில் வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. பெர்லினில், அதுவும் அந்த உடுப்பில், ஒருவர் வந்து நின்றால் அங்கே குடும்பத்தை இழந்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பிராங்க்பர்ட்டில் அவருடைய கச்சேரியையே ரத்து செய்யச் சொல்லி, அது நீதிமன்றம் வரை போனதும் நினைவிருக்கும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடை தவறு. ஆனால் ஏன் தவறு என்பதை எனக்கே திருப்தியாகச் சொல்ல வரவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

---

பின்வரிசை எழுதியது:

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் முழு விவகாரமும் அங்கேதான் இருக்கிறது.

1977 ஜூலை 6. மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கம். பிங்க் ஃபிளாய்ட் பயணத்தின் கடைசி இரவு. முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ஒரு ரசிகன் முகத்தில் வாட்டர்ஸ் காறித் துப்பினார். அன்றிரவு அவருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. தன்னைப் பார்க்க வந்தவர்களையே வெறுக்கும் ஆளாக ஆகிவிட்டோமே என்ற அந்த எண்ணத்திலிருந்துதான் 1979இல் 'தி வால்' (சுவர்) ஆல்பம் வந்தது.

அதன் நாயகன் பிங்க் என்ற ராக் பாடகன். தந்தை போரில் செத்தவன். வாட்டர்ஸின் அப்பாவும் அப்படித்தான். 1944 பிப்ரவரி 18, இத்தாலியின் ஆன்சியோவில் ஜெர்மன் படையோடு நடந்த சண்டையில் இறந்தார். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். கதையில் பிங்க் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு, மனம் பிறழ்ந்து, ஒரு கட்டத்தில் தன்னைச் சர்வாதிகாரியாகக் கற்பனை செய்துகொள்கிறான். கச்சேரி அவனுக்குக் கட்சி மாநாடாகத் தெரிகிறது. கூட்டத்தில் யூதன் யார், கறுப்பன் யார், ஓரினச் சேர்க்கையாளன் யார் என்று பொறுக்கி எடுத்து, சுவரோரம் நிறுத்தச் சொல்கிறான். கோட்டும் பட்டையும் வருவது அந்த இடத்தில்தான்.

சுத்தியல் சின்னத்தை வரைந்தவர் ஜெரால்ட் ஸ்கார்ஃப். அரசியல் கேலிச்சித்திரக்காரர். 1980 முதல் மேடைக்கு மேடை இந்த வேடம் வந்திருக்கிறது. 1990 ஜூலை 21இல், பெர்லின் சுவர் இடிந்து எட்டு மாதம் கழித்து, அந்நகரின் பாட்ஸ்டாமர் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் முன்னால் முழுப் படைப்பையும் நடத்தினார்கள்.

எனக்கு இதில் ஒன்று முக்கியம். இந்தப் பகடி முதலில் குறி வைப்பது ராக் மேடையைத்தான். "என் கையில் மைக் இருக்கிறது, கீழே இத்தனை ஆயிரம் பேர் கை தூக்குகிறார்கள், நான் எதுவாக மாறிக்கொண்டிருக்கிறேன்?" என்று பாடகன் தன்னையே கேட்கிறான்.

---

மைன்_கரை எழுதியது:

பின்வரிசை தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் நான் பிராங்க்பர்ட் பக்கம் முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிறவன். இந்த ஊர்க்காரனாக நின்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கச்சேரி நடந்த மண்டபத்தின் பெயர் ஃபெஸ்ட்ஹாலே. 1909இல் திறந்தது, பெரிய குவிமாடம். ஒவ்வொரு அக்டோபரும் புத்தகச் சந்தைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். 1938 நவம்பரில் யூதக் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் அடித்து எரித்த அந்த நாட்களில், இந்த ஊரின் யூத ஆண்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து வந்து அடைத்தது அதே மண்டபத்தில்தான். அங்கே வைத்து அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள். பிறகு புகன்வால்ட் முகாமுக்கும் மற்ற முகாம்களுக்கும் ரயில் ஏற்றினார்கள்.

இப்போது யோசியுங்கள். யூதன் யார் என்று மேடையிலிருந்து கேட்டு, சுவரோரம் நிறுத்து என்று சொல்லும் ஒரு காட்சி, அந்தக் கூரைக்குக் கீழேயே. கதையில் அது பகடி, சரி. ஆனால் அந்த மண்டபத்தில் அது நடந்த கதை. பாட்டன் அங்கிருந்து போய்த் திரும்பாத குடும்பம் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. அவர்களிடம் போய் ஆல்பத்தின் கதையை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

2023 பிப்ரவரியில் நகர நிர்வாகமும் ஹெஸ்ஸன் மாநில அரசும் ரத்து செய்யச் சொன்னபோது, நான் அதைச் சரி என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனால் மனம் மாறியது பகடி விளங்கியதால் அல்ல, காரணம் வேறு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

---

நான்காம்_நிலை எழுதியது:

பெர்லினில் நான் இருந்தேன், மே 17, முதல் நாள். பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

மேடை அரங்கின் நடுவே. அதற்கு மேல் சிலுவை வடிவத்தில் பெரிய திரைகள். தொடங்கும் முன்பே அறிவிப்பு வருகிறது: பாட்டு பிடிக்கும், ரோஜரின் அரசியல் பிடிக்காது என்பவர்கள் எழுந்து மதுக்கூடத்துக்குப் போகலாம் என்று, கெட்ட வார்த்தையோடு. தான் யூத வெறுப்பாளன் இல்லை என்று பிராங்க்பர்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது என்றும், யூத வெறுப்பை முழுமையாகக் கண்டிப்பதாகவும் திரையில் எழுத்து ஓடியது.

முதல் பாதியில் அரச வன்முறைக்கு இரையானவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயரோடும் ஊர், 'குற்றம்', தண்டனை. ஜார்ஜ் ஃபிளாய்ட், மஹ்சா அமினி, சோஃபி ஷோல், நாஜி முகாமில் இறந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், இஸ்ரேல் படை சுட்டதில் இறந்த பாலஸ்தீனச் செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே. இதில் ஆன் ஃபிராங்கையும் அபு அக்லேயையும் ஒரே பட்டியலில் வைத்ததற்குத்தான் பிறகு அவ்வளவு கோபம். இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகம், ஆன் ஃபிராங்க் நினைவையே அவமதித்துவிட்டார் என்று எழுதியது.

கோட்டு வருவது இரண்டாம் பாதித் தொடக்கத்தில். பன்றி பலூன் தலைக்கு மேல் சுற்றுகிறது, கொடிகள் விரிகின்றன, அவர் போலித் துப்பாக்கியால் எங்களைச் சுடுகிறார். ஆனால் அதை அடுத்து வருவதை எந்த வீடியோ துண்டிலும் நான் பார்க்கவில்லை: 2007 ஜூலை 12, பாக்தாத். அமெரிக்க ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவன ஊழியர்கள் இருவரும் மற்றவர்களும் சுடப்பட்டு விழுவது. ஒரு நிமிடம் முன்பு துப்பாக்கிக்குக் கை தட்டிய அதே கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தட்டுவதை நடுவில் நிறுத்தினார். நானும்தான்.

அது வேலை செய்கிறது. அதை மட்டும் நான் சாட்சியாகச் சொல்ல முடியும்.

---

சட்டமும்_சங்கீதமும் எழுதியது:

நான் ஜெர்மன் வழக்கறிஞன் கிடையாது, ஆனால் இந்த வழக்கை ஆர்வத்தோடு பின்தொடர்ந்தேன். முதலில் ஒரு திருத்தம். "யூத வெறுப்பாளன் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று அவர் திரையில் போட்டது சரியல்ல. நீதிமன்றம் அவருக்கு நற்சான்றிதழ் தரவில்லை.

வழக்கு இதுதான். மண்டபத்தை நடத்தும் கண்காட்சி நிறுவனம் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் சொந்தம், 60க்கு 40 பங்கு. ஆகவே அது பொது வசதி. பொது வசதியை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்க அரசுக்குத் தகுந்த காரணம் வேண்டும். 2023 ஏப்ரல் 24இல் பிராங்க்பர்ட் நிர்வாக நீதிமன்றம் சொன்னதன் சாரம்: அந்த மண்டபத்தின் வரலாற்றை நினைத்தால் காட்சிகள் ரசனையற்றவை என்று சொல்ல இடமுண்டு. ஆனால் நிகழ்ச்சியை ஒரு கலைப்படைப்பாக முழுமையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நாஜிக் குற்றங்களைப் போற்றுவதோ சிறுமைப்படுத்துவதோ அதில் இல்லை, அந்தக் கொள்கையோடு அவர் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளவும் இல்லை. ஆகவே ஒப்பந்தப்படி மண்டபத்தைக் கொடு.

மியூனிக்கிலும் நகர மன்றம் ரத்து செய்யப் பார்த்தது. சட்டத்தில் வழியில்லை என்று விட்டுவிட்டது. மே 21இல் கச்சேரி நடந்தது.

கச்சேரிக்குப் பிறகு அந்த உடைக்காகப் பெர்லின் காவல்துறை தொடங்கிய விசாரணை வேறு கதை. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைக் காட்டுவது 86ஏ பிரிவின் கீழ் குற்றம். கலை, கல்வி, வரலாறு சொல்வதற்கு விலக்கு உண்டு. சுத்தியல் அந்தச் சின்னங்களில் ஒன்று அல்ல. அதனால் காவல்துறை, வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான 130ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. அந்த உடை நாஜி ஆட்சியைப் போற்றுவதாக அமைந்து பொது அமைதியைக் குலைக்கக்கூடும் என்ற சந்தேகம். இதில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒரு பாத்திரத்தின் உடையை நடிகனின் கொள்கையாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், சர்வாதிகாரியை எந்த மேடையிலும் காட்ட முடியாமல் போகும்.

---

மைன்_கரை எழுதியது:

சட்டம் தம்பி, நடிகன் வேறு பாத்திரம் வேறு என்பது சரி. ஆனால் நாடகத்தில் நடிகன் திரை விழுந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுப் போகிறான். இவர் கோட்டைக் கழற்றிவிட்டு அதே மேடையில் தன் சொந்த அரசியலைப் பேசுகிறார். 2023 பிப்ரவரி 8இல் ரஷ்யாவின் அழைப்பில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பேசினார். படையெடுப்பு சட்ட விரோதம் என்றார், சரி. ஆனால் தூண்டுதல் இல்லாமல் நடக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். வீடு இழந்து இங்கே வந்த உக்ரைன் சனம் என் தெருவிலேயே இருக்கிறது. 2013இல் அவருடைய பன்றி பலூனில் மற்றச் சின்னங்களோடு தாவீதின் நட்சத்திரமும் இருந்தது. அப்போதே யூத அமைப்புகள் கண்டித்தன. இவ்வளவும் தெரிந்தவன் அந்தக் கோட்டைப் பார்த்தால் வெறும் பாத்திரமாகப் பார்ப்பானா?

---

பின்வரிசை எழுதியது:

அண்ணா, அந்த நட்சத்திரத்தை நானும் நியாயப்படுத்த மாட்டேன். டாலர் குறி, சிலுவை, பிறை, அரிவாள் சுத்தியல் எல்லாம் சேர்ந்திருந்தன என்று அவர் சொன்னார். இருக்கட்டும். யூதர்களைப் பன்றியோடு சேர்த்து வரைவது ஐரோப்பாவில் இடைக்காலத்திலிருந்து வரும் அவமதிப்பு, தேவாலயச் சுவர்களில் கல்லில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். ஒரு கலைஞனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் அவரை எதிர்ப்பதற்கான காரணங்கள். வாசலில் நின்று எதிர்க்கலாம், எழுதலாம், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். 2003 ஏப்ரலில், இராக் போர் தொடங்கிய சமயம், அமெரிக்காவின் டென்வரில் பேர்ல் ஜாம் ராக் குழுவின் பாடகர் அதிபர் புஷ்ஷின் முகமூடியை மைக் கம்பியில் குத்தி வைத்தபோது ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள். அவர்களும் தங்கள் கருத்தைத்தான் சொன்னார்கள். அவர்களையும் மதிக்கிறேன், பாடகரையும் மதிக்கிறேன். அந்த மண்டபத்தைப் பூட்ட யாரும் வரவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது.

---

பெட்டிக்கடை_கேசட் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் கனமான விஷயம்.

அந்தச் சுத்தியல் சின்னத்தை உண்மையான நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் டல்லாஸில் ஹேமர்ஸ்கின்ஸ் என்று ஒரு வெள்ளை இனவெறிக் கும்பல் தொடங்கியது. தங்கள் சின்னத்தை 1982இல் வந்த 'தி வால்' படத்திலிருந்துதான் எடுத்தார்கள். எவனை இழிவாகக் காட்ட அந்தச் சுத்தியல் வரையப்பட்டதோ, அவனே அதைத் தோளில் பச்சை குத்திக்கொண்டான். அவர்களும் ராக் இசை மூலம்தான் ஆள் சேர்த்தார்கள். கச்சேரி வைத்தார்கள், பதிவுகள் விற்றார்கள். 2012 ஆகஸ்ட் 5இல் அமெரிக்காவின் ஓக் கிரீக்கில் சீக்கியக் குருத்வாராவுக்குள் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றவன் அந்தக் கும்பலைச் சேர்ந்தவன், அந்த வகை இசைக்குழுக்களில் வாசித்தவன். அன்று காயம்பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்த இன்னொருவர் 2020இல் இறந்தார்.

2023 செப்டம்பரில், பெர்லின் கச்சேரிக்கு நாலு மாதம் கழித்து, ஜெர்மன் உள்துறை அமைச்சகம் ஹேமர்ஸ்கின்ஸ் அமைப்பைத் தடை செய்தது. நான் அதை முழு மனதோடு வரவேற்றேன்.

அதனால் ஸ்கார்ஃப் வரைந்தது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பகடி எப்போதும் பகடியாகவே போய்ச் சேரும் என்று நம்பிவிட முடியாது. கோட்டும் கொடியும் அணிவகுப்பும் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. எதைக் கேலி செய்கிறோமோ அதன் கவர்ச்சியையும் சேர்த்து மேடையில் ஏற்றுகிறோம். டெட் கென்னடிஸ் பங்க் குழுவினர் 1979இல் கலிபோர்னியா ஆளுநரைச் சர்வாதிகாரியாக்கிக் கேலிப் பாட்டு எழுதினார்கள். தங்கள் கச்சேரிக்கே நாஜிச் சின்னம் அணிந்த பையன்கள் வரத் தொடங்கியதும், 1981இல் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல், நாஜிகளே வெளியே போங்கள் என்று நேராகப் பாட வேண்டியிருந்தது.

---

ஆறாம்_தந்தி எழுதியது:

@பெட்டிக்கடை_கேசட் இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குருத்வாரா செய்தி தெரியும், சுத்தியல் கதையும் அரைகுறையாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை. அந்த ஆல்பத்தின் உறையை என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அப்படியானால் கேட்கிறேன்: புரியாதவன் தவறாக எடுத்துக்கொள்வான் என்பதற்காகப் பகடிக்காரன் ஒவ்வொரு முறையும் "இது பகடி" என்று பலகை மாட்டவேண்டுமா?

---

பெட்டிக்கடை_கேசட் எழுதியது:

பலகை மாட்டினால் அது செத்துவிடும். லைபாக் குழுவைப் பாருங்கள். 1980இல் யூகோஸ்லாவியாவில், ஸ்லோவேனியாவின் ஒரு சுரங்க ஊரில் தொடங்கியவர்கள். குழுவின் பெயரே லியுப்லியானாவின் ஜெர்மன் பெயர், ஆக்கிரமிப்புக் காலத்தை நினைவூட்டுவது. இராணுவ உடுப்பு, இறுகிய முகம், முரசு. ஒரு முறைகூடச் சிரிக்க மாட்டார்கள், கண் சிமிட்ட மாட்டார்கள். 1983இல் தொலைக்காட்சியில் அப்படியே உட்கார்ந்து பேட்டி கொடுத்தார்கள். ஊரே கொதித்தது. அந்தப் பெயரில் இயங்கக்கூடாது என்று நகரம் தடை போட்டது, 1987 வரை நீடித்தது. ஃபாசிஸ்டுகளா, ஃபாசிஸத்தைக் கிழிப்பவர்களா என்று அன்று பலருக்குப் புரியவில்லை.

ஆனால் அந்தப் புரியாமைதான் வேலை செய்தது. கட்சிக் கூட்டத்தில் அதே முரசு, அதே முழக்கம் கேட்டால் மக்களுக்கு உடம்பு கூச வேண்டும் என்பதுதான் நோக்கம். "சும்மா விளையாட்டுக்கு" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

---

மைன்_கரை எழுதியது:

மனம் மாறிய காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

2018இல் கெம்னிட்ஸ் நகரில் வலதுசாரிகள் தெருவில் இறங்கி, வெளிநாட்டு முகமாகத் தெரிந்தவர்களைத் துரத்தினார்கள். என் முகத்தோடு இந்த நாட்டில் இருப்பவனுக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகள் வீடு திரும்பும் வரை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். செப்டம்பர் 3ஆம் தேதி அதே ஊரில் இசைக்குழுக்கள் சேர்ந்து இலவசக் கச்சேரி வைத்தன. 65,000 பேர் வந்தார்கள். அதில் ஒன்று ஃபைனே சானே ஃபிஷ்ஃபிலேட். கிழக்கு ஜெர்மனி பங்க் குழு, நாஜிகளுக்கு எதிராகக் கனகாலமாகப் பாடுகிறவர்கள். ஒரு காலத்தில் மாநில உளவுத்துறையின் அறிக்கையிலேயே அவர்கள் பெயர் இருந்தது.

அந்த நவம்பரில் அவர்கள் டெஸ்ஸாவில், பௌஹவுஸ் என்ற பழைய கலைப்பள்ளியின் மேடையில் வாசிப்பதாக இருந்தது, தொலைக்காட்சிக்காக. வலதுசாரிகள் திரண்டு வருவார்கள் என்று தெரிந்ததும் பௌஹவுஸ் நிர்வாகம் இடம் தர மறுத்துவிட்டது. அரசியல் தீவிரவாதத்துக்கு மேடையாக இருக்க விரும்பவில்லை என்றார்கள். பௌஹவுஸ்! 1932இல் நாஜிகள் பெரும்பான்மை பெற்ற நகர மன்றம் மூடிய அதே பள்ளி. குழு அதே ஊரில் வேறொரு இடத்தில் வாசித்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எனக்காகப் பாடினவர்களுக்குப் பொது மண்டபம் இல்லை என்று சொல்ல இவர்கள் யார் என்று கத்தினேன். 2023இல் வாட்டர்ஸ் தீர்ப்பு வந்தபோது மகள் அதை நினைவுபடுத்தினாள். "அப்பா, அன்றைக்கு நீங்கள் சொன்னதைத்தான் இந்த நீதிபதியும் சொல்கிறார்" என்றாள். எனக்குப் பதில் இல்லை. மண்டபச் சாவி நகர மன்றத்தின் கையில் இருக்கிறது. இன்றைக்கு எனக்குப் பிடித்த கட்சி. நாளைக்கு யார் வருவார்கள் என்று இங்கே தேர்தல் முடிவு பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காட்சி அந்த மண்டபத்தில் நடந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. மே 28 மாலை வாசலில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. நானும் போய் நின்றேன். அவருக்கு உள்ளே பாட உரிமை இருந்தது, எங்களுக்கு வெளியே நிற்க உரிமை இருந்தது.

---

சட்டமும்_சங்கீதமும் எழுதியது:

அண்ணா, உங்கள் மகளுக்கு என் வணக்கம்.

"பொது அமைதி" என்ற சொல்லைப் பற்றி நான் சொன்ன மனத்தாங்கலுக்கு ஒரு பின்னணி உண்டு. 1976இல் செக்கோஸ்லோவாக்கியாவில் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யுனிவர்ஸ்' ராக் குழுவையும் நண்பர்களையும் கைது செய்தார்கள். அவர்கள் பெரிய அரசியல் பாட்டு எதுவும் பாடவில்லை. நீளமான முடி, கெட்ட வார்த்தை, அரசு அனுமதி இல்லாத கச்சேரி. குற்றச்சாட்டு, பொது ஒழுங்கைக் குலைத்தது. செப்டம்பரில் தீர்ப்பு: குழுவின் கலை இயக்குநர் இவான் யிரோஸுக்கு 18 மாதம், சாக்ஸபோன் வாசித்த பிரபெனெட்ஸுக்கு 8 மாதம். அந்த விசாரணையை நேரில் பார்த்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியதுதான் 1977 ஜனவரியில் வந்த 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை.

இன்றைய ஜெர்மனி அந்த நாடு அல்ல. இங்கே நீதிமன்றம் அரசுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. 130ஆம் பிரிவு இருப்பதற்கும் நியாயமான காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மேடையில் ஒருவர் போட்ட உடையை வைத்துப் பொது அமைதி பற்றிக் காவல்துறை விசாரணை தொடங்குகிறது என்றால், அந்தச் சொல் எவ்வளவு இழுபடக்கூடியது என்ற கவலை எனக்கு வருகிறது.

---

புதுச்செவி எழுதியது:

நான் இந்தத் தளத்துக்குப் புதுசு, வயசு 22. எல்லாரும் 'முழுசாப் பாருங்க, கதை தெரிஞ்சு பாருங்க'ன்னு சொல்றீங்க. எங்க தலைமுறைக்கு எல்லாமே துண்டாத்தான் வருது. கச்சேரிக்குப் போனவங்க பத்தாயிரம் பேர்னா, துண்டைப் பார்த்தவங்க கோடிக்கணக்குல இருப்பாங்க. அவங்களுக்கு அந்த நிகழ்ச்சியே அந்தத் துண்டுதான். மேடையில நிக்கிறவருக்கும் இது தெரியும். தெரிஞ்சும் அதே கோட்டைப் போட்டா, அவர் யாருக்காகப் போடறார்?

---

நான்காம்_நிலை எழுதியது:

@புதுச்செவி நல்ல கேள்வி, தம்பியோ தங்கையோ. நேர்மையாகச் சொன்னால், அவர் டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்காகத்தான் போட்டார் என்று நினைக்கிறேன். வீடியோ எடுத்து வெட்டிப் போடுபவனை மனதில் வைத்துக் காட்சி அமைத்தால், பாக்தாத் படத்துக்கு முன் அந்த அருவருப்பான கொண்டாட்டம் இருந்தே இருக்காது. சர்ச்சை வந்ததும், ஃபாசிஸத்துக்கும் அநீதிக்கும் எதிரானதுதான் அந்தக் காட்சி, 1980லிருந்து செய்கிறேன் என்று அறிக்கை விட்டார். ஆனால் அவர் பிடிவாதக்காரர் என்பதும் உண்மை. பெர்லின் என்று தெரிந்து கொஞ்சம் மாற்றியிருந்தால் எனக்கு மதிப்பு கூடியிருக்கும்.

---

ஆறாம்_தந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மைன்_கரை அண்ணா, உங்கள் கடைசிப் பதிவை மூன்று தடவை படித்தேன்.

அக்கா மகனுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். 1938இல் அந்த மண்டபத்தில் நடந்ததை முதலில் எழுதினேன், அப்புறம் மான்ட்ரியல், அப்புறம் ஹேமர்ஸ்கின்ஸ். அவனுடைய கோபம் நியாயமானது என்றும் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். @நான்காம்_நிலை, கோட்டுப் போட்டதிலிருந்து பாக்தாத் படம் முடியும் வரை எவ்வளவு நேரம் இருக்கும்?

---

நான்காம்_நிலை எழுதியது:

இரண்டு பாட்டு. எட்டு ஒன்பது நிமிடம். அந்தப் பதினைந்து நொடி, முதல் பாட்டின் நடுவிலிருந்து எடுத்தது.